அனுஷியா ஒருத்திதான்

கொட்டாஞ்சேனை,
கொழும்பு 13.
புதன்கிழமை

அன்புள்ள மகள் அனுஷியாவுக்கு,

இங்கே நானும் அம்மாவும் சுகம், அம்மாவின் முழங்காலை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. அந்தக் குளிரில் நீ வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டுமென்று வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலில் உன் பேருக்கு அர்ச்சனை செய்தோம்.

உன் வேலை மார்ச்சோடு முடிகிறது என்று போனில் சொன்னாயே, அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ சொன்ன காரணம் விளங்காமல் மேல்வீட்டு மக்கீன் மாஸ்டரிடம் போனேன். விஞ்ஞானம் படிப்பித்த மனுஷன், கடதாசியில் எழுதிக் காட்டினார். மற்ற ஆய்வாளர்கள் எட்டுத் தடவையாவது எடுத்துக்காட்டிய கட்டுரைகள் எட்டு இருந்தால் உன் எண் எட்டு, மரபணு ஆராய்ச்சிக்காரரை இப்போது இந்த எண்ணை வைத்துத்தான் நிறுக்கிறார்களாம். உன்னைத் தொடர்ந்து வைத்திருக்க உங்கள் ஆய்வகத்து ஆட்கள் கேட்டது பத்து, உனக்கு எட்டுத்தான் என்று விட்டுவிட்டார்கள். அவர் கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்தால் அதில் இரண்டு பேர் இருக்கிறீர்கள். இங்கே படித்தபோது எழுதியதெல்லாம் எஸ். அனுஷியா என்பவளுக்கு, அங்கே போய் எழுதியதெல்லாம் அனுஷியா சுடலைமுத்து என்பவளுக்கு. ஒருத்திக்கு ஆறு, மற்றவளுக்கு எட்டு. இரண்டையும் ஒன்றாக்கினால் பன்னிரண்டு வரும் என்றார்.

உன் பாஸ்போர்ட் ஃபாரத்தை நிரப்பியது நான். குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது, நமக்கு ஏது குடும்பப் பெயர்? வெறுமையாக விட மனமில்லாமல் என் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதினேன், பெருமையாகவும் இருந்தது. முப்பது வருஷம் அச்சகத்தில் ஊரார் பிழையைத் திருத்தினவன், மகளை இரண்டாக உடைத்ததைப் பார்க்கவில்லை. என்னை மன்னித்துக்கொள்.

நேற்று சமாதான நீதவான் புஷ்பராஜிடம் போய்ச் சத்தியக் கடதாசி முடித்தேன். இரண்டு பெயரும் ஒரே ஆளைத்தான் குறிக்கும், அவள் என் மகள் என்று ஒப்பம் வைத்தேன். ஒப்பம் அடையாள அட்டையில் இருப்பதோடு ஒத்துவரவில்லை, இன்னொரு தரம் வைங்கோ என்றார். அந்த இடத்தை வேறொருவருக்குக் கொடுத்தாயிற்று என்று நீ சொன்னது மறக்கவில்லை. இருந்தாலும் இதோடு வைத்திருக்கும் கடதாசியை அவர்களிடம் கொடு, வேலை கிடைக்காவிட்டாலும் கணக்காவது நேராகட்டும்.

அவர்கள் எண்ணாமல் விட்ட பாதியில்தான் உன் முதல் கட்டுரை இருக்கிறது, தலசீமியா என்ற இரத்த நோயுள்ள பிள்ளைகளின் இரத்தத்தைப் பற்றியது. தம்பி நிரோஷன் நம்மை விட்டுப் போன வருஷம் நீ சொன்னாய், அவன் இரத்தமும் அதில் இருக்கிறது, அவன்தான் பதினேழாம் நோயாளி என்று. அதை இருநூற்றுப் பதினொரு பேர் எடுத்துக்காட்டியிருக்கிறார்களாம். அம்மாவிடம் சொன்னேன். அப்ப நம்ம புள்ளைய அத்தன பேருக்குத் தெரியுமா என்று கேட்டாள். தெரியும் என்று சொல்லிவிட்டேன். அடுப்பைப் பார்க்கக் குசினிக்குப் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை.

இனி எழுதும் கட்டுரைகளில் என் பெயரை விட்டுவிடு, நான் கோவிக்க மாட்டேன். அம்மா அதற்குச் சம்மதிக்கவில்லை. உன் பெயருக்கு முன்னால் வரும் அந்த எஸ். தம்பிக்கும் இருந்தது, அவனுக்கும் உனக்கும் பொதுவாக மிச்சமிருப்பது அது ஒன்றுதானாம். நீயே யோசித்துச் செய்.

சத்தியக் கடதாசியின் மூலப் பிரதியை யாருக்கும் கொடுக்காதே, போட்டோப் பிரதியை மட்டும் கொடு. வேலை இல்லையென்றால் வெட்கப்படாமல் வீட்டுக்கு வா, உன் கட்டில் அப்படியே இருக்கிறது. அம்மன் உனக்குத் துணை நிற்பாள். கடிதத்தின் அடியில் எப்போதும் என் முழுப் பெயரும் போடுவேன், இந்தமுறை கை வரவில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா