நம் வீட்டு ஃபிரிட்ஜின் உறுமல்

பெர்லின், திங்கள் காலை

அன்புள்ள அம்மாவுக்கு லவெல் எழுதுவது. நான் சௌக்கியம். உன் முழங்கால் வலி தேவலையா? டெட்ராய்ட்டில் பனி கொட்டுகிறதாமே, வாசலை நீயே சுத்தம் செய்யக் கிளம்பிவிடாதே.

நேற்று நான் வாசித்தது, “தகர டப்பாவ உருட்டுற மாதிரி இருக்குடா” என்று நீ கேலி செய்யும் டெக்னோ நடன இசை இல்லை. ஆடிக் களைத்தவர்கள் படுத்துக்கொள்ள நான் வாசிக்கும் கிளப்பில் மாடியறை ஒன்று உண்டு. அங்கே தாளமே இல்லாத என் புது இசை. நீகூடக் கேட்பாய்.

அதற்கு முன் ஒரு வேடிக்கை. சவுண்ட் பார்க்கும் ஹென்னிங் வந்து, “டேய், உன் வயர்ல ஏதோ உறுமுது, எர்த் சரியில்ல” என்றான். அரை மணி நேரம் வயர்களை மாற்றினான். உறுமல் போகவில்லை. கடைசியில் சவுண்ட் மிக்ஸரில் எதையோ திருகி அதை வெட்டிவிட்டு, “இப்ப சுத்தமா இருக்கு பாரு” என்றான்.

அது வயர் இல்லை, அம்மா. என் பிறந்தநாளுக்கு நீ போனில் பேசி அனுப்பிய வாழ்த்து. உன் குரலை வெட்டிவிட்டு, பின்னால் உறுமிய நம் ஃபிரிட்ஜை மட்டும் இசைக்கு அடியில் ஓடவிட்டிருந்தேன். அவனிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது. எல்லோரும் நன்றாகத் தூங்கினார்கள். எனக்குத்தான் அறை வெறிச்சென்று இருந்தது.

ஃபிரிட்ஜை மாற்றப் போவதாகச் சொன்னாயே, அதற்குள் போனை அதன்மேல் வைத்துப் பத்து நிமிடம் பதிவுசெய்து அனுப்பு. ஹென்னிங் வண்டியோடு கீழே நிற்கிறான், முடிக்கிறேன். பதிவாகும்போது பேசாதே என்று எழுத வந்தேன். வேண்டாம், பேசு. இந்த முறை எதையும் வெட்ட மாட்டேன்.

உன் லவெல்