முதலில் வந்தவனுக்கு ஒரு கிழங்கு

எந்த வழியிலும் எனக்கு முன்னால் நடந்தே பழகிய என் அண்ணனுக்கு,

நாளைக்கு உங்கள் கல்லூரியில் விளையாட்டுப் போட்டி. ஜப்பான்காரன் போன பிறகு நடக்கும் முதல் போட்டி. மலையிலிருந்து தாப்பாவுக்கு இறங்கும் லோரியில் எனக்கும் என் மகன் சேவியருக்கும் இடம் சொல்லி வைத்தாகிவிட்டது. அவன் ஓடுவானா என்றுதானே கேட்கிறீர்கள்? அதுதான் எனக்கும் தெரியவில்லை.

இந்தக் கடிதத்தை, போட்டி முடிந்த பிறகு வரும் விழா மலரில் போடக் கொடுக்கிறேன். நம் வீட்டு விஷயத்தை ஊருக்கே சொல்கிறாளே என்று கோபப்படாதீர்கள். உங்களைப் பற்றி ஆளுக்கொன்று பேசுகிறார்கள். எனக்குப் பொறுக்கவில்லை.

உங்களுக்கு விளையாட்டுப் பைத்தியம் என்று நான் எப்போதும் சொல்லி வந்தது ஒன்றும் பொய்யில்லை. வெள்ளைக்காரத் தலைவர் கப்பலேறிப் போனதும் கல்லூரி உங்கள் தலையில் விழுந்தது. மற்றவர்கள் கதவுக்குப் பூட்டுத் தேடினார்கள். நீங்களோ ஓட்டக்காரப் பையன்களுக்கு நாளைக்கு என்ன சாப்பாடு என்று அலைந்தீர்கள். நிர்வாகக் குழுப் பெரியவர் ஒருவர் எரிந்து விழுந்தாராம். "நாடே எரியுது, இப்ப ஓட்டம் ஒரு கேடா?" நீங்கள் சிரித்துக்கொண்டே, "நாடு எரியறப்பதான் ஐயா ஓடத் தெரிஞ்சிருக்கணும்" என்றீர்களாம். இந்தத் திமிர் அப்பாவிடமிருந்து வந்தது.

கல்லூரிக் கட்டடத்தை ஜப்பான் பட்டாளம் எடுத்துக்கொண்டது. ஊருக்குப் போக வழியில்லாத ஓட்டக்காரப் பையன்களைக் கூட்டிக்கொண்டு ரிங்லெட் ஊருக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு ஏறி வந்து நின்றீர்கள். வெள்ளைக்காரத் துரை ஓடிப்போய், தேயிலை பாதி காடாகிக் கிடந்த நேரம். தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியான என் வீட்டுக்காரர் பையன்களை மரவள்ளிக் கொல்லையில் வேலைக்குச் சேர்த்துவிட்டார். வந்த மறுநாளே நீங்கள் ஓட்டப் பயிற்சி என்று ஆரம்பித்தீர்களே!

"வயித்துக்கே இல்ல, இதுல ஓட்டம் வேறயா லா?" என்று கத்தினேன்.

"நீ கெழங்க அவி, அருளு. மத்தத நான் பாத்துக்குறேன்" என்றீர்கள்.

ஓட்டத்தைத் தொடங்க விசில் ஊத முடியாது. காலையில் வேலைக்கு ஆள் சேர்க்கும் பெரட்டுக்கு ஜப்பான்காரன் விசில் வைத்திருந்தான். அதற்கு முன்னால் பெரட்டுக்கு அடித்த தப்புப் பறை, அதை அடித்து வந்த மாடசாமியின் வீட்டில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கேட்டு வாங்கினீர்கள்.

முதல் நாள் நடந்த கூத்தை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. மாடசாமி தப்பில் ஓங்கி அடித்தார். கல்லூரிப் பையன்கள் பறந்தார்கள். நம் தோட்டத்துப் பையன்களோ கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வரிசையாக நின்றுவிட்டார்கள், பெயர் கூப்பிடுவார்கள் என்று! முதல் ஆளாக நின்றவன் என் சேவியர். ஓடியவர்கள் திரும்பிப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். உங்களுக்கு வந்ததே கோபம்.

"சிரிச்சவன் எல்லாம் இன்னொரு சுத்து ஓடுங்கடா!" என்று விரட்டிவிட்டு, சேவியரின் தோளில் கை போட்டீர்கள். "பொறந்ததுல இருந்து கேட்ட சத்தம்டா. கால விட்டுப் போக நாளாகும். அவசரமில்ல."

பிறகு ஒரு சட்டம் போட்டீர்கள். தப்புச் சத்தம் எப்போது கேட்டாலும், எங்கே நின்றாலும், கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். காட்டோர மேட்டில் நிற்கும் பெரிய மரந்தான் எல்லை. முதலில் போய்த் தொடுகிறவனுக்கு ஒரு கிழங்கு கூடுதல். வேலைக்கு நடுவில் நீங்கள் நினைத்த நேரத்தில் தப்பு அடிக்கும். மண்வெட்டி ஒரு பக்கம், கூடை ஒரு பக்கம் கிடக்கும். மெல்ல மெல்ல நம் பையன்களும் ஓடத் தொடங்கினார்கள். சேவியர் மட்டும் ஒரு நொடி நின்றுவிட்டுத்தான் ஓடுவான்.

அண்ணே, சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கிறார்கள் என்ற பேச்சு அப்போதே உங்கள் காதில் விழுந்திருந்ததா? அதற்காகத்தான் அந்தச் சட்டமா?

அந்த லோரிகள் வந்த மத்தியானம் பனி இறங்கியிருந்தது. தொழிற்சாலை வாசலில் நானும் மற்றப் பெண்களும் இலை பொறுக்கிக்கொண்டிருந்தோம். கத்தி தொங்கும் இடுப்போடு ஜப்பான் அதிகாரி இறங்கினான். ரயில் பாதை போட வாலிபர்கள் வேண்டும், எல்லாரையும் கூப்பிடு என்று கூட வந்தவன் தமிழில் சொன்னான். சிப்பாய்கள் கொல்லைப் பக்கம் நடக்கத் தொடங்கினார்கள். நீங்கள் முன்னால் போய் இடுப்பு வளையக் குனிந்து கும்பிட்டீர்கள்.

"அவ்வளவு தூரம் எதுக்குங்க? தப்பு அடிச்சா அவங்களே வந்துடுவாங்க. இந்தத் தோட்டத்து வழக்கம் அது."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சொந்த மருமகனைக் காட்டிக் கொடுக்கிறாரே பாவி என்று உங்களை மனதுக்குள் சபித்தேன். ஒரு தரம் என் பக்கம் திரும்பியிருக்கக் கூடாதா?

மாடசாமி தப்பை அடித்தார். சிப்பாய்கள் நின்று காத்திருந்தார்கள். பனிக்குள்ளிருந்து ஒருவரும் வரவில்லை. "வருவாங்க, வருவாங்க" என்றீர்கள். அப்போதுதான் உங்கள் சட்டம் எனக்குப் புரிந்தது. மேட்டில் கால்கள் ஓடுவதை என் காதால் கேட்டதுபோலவே இருந்தது.

அந்த நேரம் பார்த்து, எப்போது உள்ளே போயிருந்தானோ, தொழிற்சாலைக்குள்ளிருந்து சேவியர் வந்தான். எல்லாருக்கும் முன்னால் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நேராக நின்றான். பெரட்டுக்கு நிற்பதுபோல.

வாயைத் திறந்தேன், குரல் வரவில்லை. அதிகாரி சிரித்துக்கொண்டே அவன் பக்கம் ஓரடி வைத்தான். நீங்கள் பேசாமல் நின்றிருந்தால் போதும், அண்ணே. வழக்கப்படி அடித்தோம், ஏன் வரவில்லையோ தெரியவில்லை என்று தப்பித்திருப்பீர்கள். இரண்டு அறையோடு போயிருக்கும்.

"ஓடுடா, சேவியர்!"

கல்லூரித் திடலில் கூவுகிற அதே குரல். அவன் திரும்பித் தேயிலைக்குள் பாய்ந்தான். துப்பாக்கி வெடித்தது. பனி அவனை மூடிக்கொண்டது.

உங்களை அடித்த அடியை இங்கே எழுத மாட்டேன். லோரியில் ஏற்றும்போது, வாயில் ரத்தத்தோடு என்னைப் பார்த்துச் சொன்னீர்கள்: "மொதல்ல வந்தவனுக்குக் கெழங்கு குடுத்துடு, அருளு."

பையன்கள் எல்லாரும் பிழைத்தார்கள். காட்டிலிருந்து ஒவ்வொருவராகத் திரும்பி வந்தபோது, மரத்தை முதலில் தொட்டது யார் என்று கேட்டேன். எல்லாரும் அழுதார்கள். சயாமிலிருந்து மீண்டு வந்த ஒருவர், நீங்கள் காய்ச்சலில் போய்விட்டதாகச் சொன்னார். எங்கே புதைத்தார்கள் என்று கேட்டேன். அங்கே யார் குழிக்கும் அடையாளம் இல்லை என்றார்.

சேவியர் அதற்குப் பிறகு ஓடவே இல்லை. "நான் ஒடனே ஓடியிருந்தா மாமா இருந்திருப்பாரும்மா" என்கிறான். இல்லையடா என்று எப்படிச் சொல்வேன்? நிஜம் அதுதானே. ஆனால் அவன் நிற்பதற்காகவா அந்த ஒரு சொல்லை உங்கள் உயிரைக் கொடுத்துச் சொன்னீர்கள்?

கல்லூரிக்காரர்கள் நூலகத்துக்கு உங்கள் பெயர் வைக்கலாமா என்று கேட்டார்கள். திடலுக்கு வையுங்கள், ஓட்டத்தைத் தப்படித்துத் தொடங்குங்கள் என்றேன். மாடசாமியிடம் போனால், அன்றைக்குப் பிறகு அதைத் தொட மனசு வரவில்லை என்கிறார். "அப்ப எனக்கு சொல்லிக் குடுங்க" என்றேன். "கிராணி வூட்டம்மா இத தொடுவீங்களா?" என்று கேட்டார். தொட்டேன். கை இன்னும் வலிக்கிறது.

நாளைக்கு நான்தான் அடிக்கப் போகிறேன். சேவியர் கோட்டில் வந்து நிற்கச் சம்மதித்திருக்கிறான், அவ்வளவுதான். சத்தம் கேட்டதும் அவன் நின்றுவிட்டால், அன்றைக்கு வராத என் குரல் நாளைக்கு வரும். உங்கள் சொல்லையே சொல்வேன். அவன் கடைசியாக வந்தாலும் எல்லையில் காத்திருந்து கிழங்கை அவன் கையில் கொடுப்பேன். இது சத்தியம்.

அடுப்பில் கிழங்கு வேகப் போட்டுவிட்டு எழுதும்
உங்கள் தங்கச்சி,
அருளம்மா