வாக்கெடுப்புக்குப் பிறகு ஒரு வாதம்

மார்ச் 9, ஞாயிறு

அன்புள்ள சோரன்,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். அலாஸ்காவில் அந்த மீன் கப்பலில் விரல்கள் பத்தும் பத்திரமாக நீயும் நலமாயிருப்பாய் என்று நம்பித்தான் தொடங்குகிறேன். ஐயோவாவில் பனி இன்னும் கரையவில்லை, அப்பாவுக்கு முழங்கால் வலி விட்டபாடில்லை, ஆனாலும் தானிய லாரியை வேறு யாரிடமும் கொடுக்க மாட்டேன் என்கிறார். ஈரக் கையுறையோடு வேலை செய்யாதே. தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே.

என் ஏழாம் வகுப்புக்கு இந்தப் பருவம் வாதக் கட்டுரை. நீ சொல்வது என்ன, அதற்கு ஆதாரம் என்ன, எதிர்க்கிறவன் என்ன சொல்வான், அவனுக்கு உன் பதில் என்ன என்று பதினெட்டு வருஷமாக ஒரே பாட்டு. இந்த வருஷம் பிரின் ஹூக்ஸ்ட்ரா என்ற பெண் பள்ளி நூலகத்தைப் பற்றி எழுதினாள். காலையில் யாருமே வருவதில்லை, ஆகவே இனி எட்டு மணிக்குத்தான் திறப்பது என்று பள்ளி வாரியம் யோசித்துக்கொண்டிருந்தது. இவள் மூன்று வாரம் வாசலில் நின்று எண்ணினாள். நாளுக்கு முப்பத்து நான்கு பேர். முதலில் தன்னைப் பற்றியும் ஒரு பத்தி எழுதியிருந்தாள், அம்மா வேலைக்குப் போகிற வழியில் ஆறரைக்கே இறக்கிவிடுகிறாள், நூலகம் இல்லாவிட்டால் பனியில்தான் நிற்க வேண்டும் என்று. "இது ஆதாரமில்லை, இரக்கம்" என்று சிவப்பில் எழுதி நான்தான் அதை அடித்தேன். அந்தப் பத்தியை எடுத்துவிட்டாள்.

கட்டுரையை வாரியக் கூட்டத்தில் படிக்க ஏற்பாடு செய்தேன். உனக்குத் தெரியுமே, இங்கே சில்லறை விஷயங்களையெல்லாம் ஒரே கட்டாகக் கட்டிக் கூட்டத்தின் தொடக்கத்திலேயே கை தூக்கி முடித்துவிடுவார்கள், ஊர் ஜனம் பேசுவது கடைசியில், ஆளுக்கு மூன்று நிமிடம். முந்தின நாள் வந்த நிகழ்ச்சி நிரலில் நூலகம் அந்தக் கட்டில் ஏழாவதாக இருந்தது. பார்த்தேன், பேனாவால் வட்டம் கூடப் போட்டேன். தலைமையாசிரியரிடம் கேட்டதற்கு, "பேசட்டும் விடுங்க மாரிட், ஆசையா எழுதியிருக்கா, பேப்பர்ல போட்டோ வரும்ல" என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன். மாலை ஆறு மணி ஐந்து நிமிடத்துக்கே கை தூக்கி, நூலகம் இனி எட்டு மணிக்குத்தான் என்று முடிவு ஆகிவிட்டது. பிரின் அப்போது வெளியே தாழ்வாரத்தில் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழு மணிக்கு வந்து படித்தாள், குரல் நடுங்கவேயில்லை. வாரியத்தில் ஒருவர், "அடேயப்பா, வக்கீலம்மா! யாரு எழுதிக் குடுத்தா, உங்க டீச்சரா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் கை தட்டினேன். "எப்போ ஓட்டுப் போடுவாங்க, டீச்சர்?" என்று பிரின் என்னிடம் வந்து கேட்டாள். பார்க்கலாம் என்றேன்.

அடுத்த வாரம் அவள் கொடுத்த கட்டுரையின் தலைப்பு, "என் ஆசிரியருக்கு முன்பே தெரியும்." ஆதாரம் மூன்று. அவர் மேஜையிலிருந்த நிகழ்ச்சி நிரலில் ஏழாவது வரியைச் சுற்றிச் சிவப்பு வட்டம். கூட்டக் குறிப்பில் வாக்கெடுப்பின் நேரம். கேட்டபோது "பார்க்கலாம்" என்று சொன்னது. பிறகு எதிர்வாதம்: "என் மனம் நோகக் கூடாது என்று மறைத்திருக்கலாம் எனச் சிலர் சொல்லலாம். அப்படியானால் கூட்டம் முடிந்த பிறகாவது சொல்லியிருப்பார். அவர் கை தட்டினார்." இரக்கத்துக்கு ஒரு சொல் இல்லை. முழு மதிப்பெண் போட்டேன், வேறென்ன போடுவது.

"பன்னெண்டு வயசுப் பொண்ணு, அடுத்த வாரம் மறந்துடுவா" என்கிறார் அப்பா. எனக்கு உன் நினைப்புதான் வந்தது. பதினோரு வயதில், பிள்ளைகள் வளர்த்த மாடுகளைக் காட்டி விற்கிற கவுண்டி கண்காட்சி முடிந்த அன்று, உன் காளைக்கன்று டோபியை ஏன் விற்கக் கூடாது என்று ஒரு தாள் நிறைய எழுதிச் சமையலறையில் நின்று படித்தாயே. தீவனம் எங்கிருந்து வரும், எந்தக் கொட்டகையில் கட்டுவது, எல்லாம் இருந்தது. கடைசி வரை கேட்டோம். "நல்லா எழுதியிருக்கடா, யோசிக்கிறோம்" என்று நான் சொன்னேன். சோரன், அன்று காலையே விற்பனைச் சீட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டோம். நீ அந்தத் தாளைப் படித்துக்கொண்டிருந்தபோதே டோபி லாரியில் ஏறிப் போய்விட்டது. இதை நாங்கள் உன்னிடம் சொன்னதேயில்லை. உன் எழுத்து போதவில்லை என்றே நீ நினைத்திருப்பாய். அதன் பிறகு எங்களிடம் எதற்காகவும் வாதாடியதில்லை நீ. அலாஸ்காவைக்கூட டிக்கெட் வாங்கிய பிறகுதான் சொன்னாய். பிள்ளை வளர்ந்துவிட்டான், பக்குவம் வந்துவிட்டது என்று நான் ஊரெல்லாம் பெருமை பேசினேன்.

நாளைக் காலை முதல் வகுப்பிலேயே, பிரின் எழுதியது அத்தனையும் உண்மை என்று எல்லோர் முன்னாலும் சொல்லப்போகிறேன். அதனால் நூலகம் சீக்கிரம் திறந்துவிடப் போவதில்லை, அவளும் என்னை மன்னிக்க வேண்டியதில்லை. ஆனால் உன்னிடம் சொல்லாமல் அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. உன் தாளில் ஒரு குறையும் இல்லை, மகனே. கேட்பது போல உட்கார்ந்திருந்தோம், அவ்வளவுதான்.

கடல் உன்னிடம் அன்பாக இருக்கட்டும், கடவுள் துணை நிற்கட்டும். கோபம் வந்தால் கோபமாகவே எழுது, ஆனால் எழுது.

உன் அம்மா,
மாரிட் டோலஃப்சன்