விருந்தாளி வாய்

ஆகஸ்ட் 19, செவ்வாய்

காலையிலேயே வெயில் கொளுத்தியது. பள்ளிக்கு அரை நாள் விடுப்பு. காரணம்: சொந்த வேலை. தலைமையாசிரியர் என் முகத்தைப் பார்த்து, "தண்ணி வேலையா சார்?" என்றார். கே.கே. நகர் முழுக்கத் தெரிந்திருக்கிறது போல.

திருநகரிலிருந்து பாண்டி வேனில் வந்து ஏற்றிக்கொண்டான். மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறான். தூத்துக்குடியில் இருவரும் ஒன்றாக, சிலிண்டர் மாட்டி முங்கும் ஸ்கூபா பழகினோம். அதிலிருந்து இதே பிழைப்பு: கிணற்றில் விழுந்த மோட்டார், தாலிச் சங்கிலி, எப்போதாவது ஆள்.

இன்று ஆள். மேலூர் தாண்டிக் கைவிட்ட கிரானைட் குவாரி. சனிக்கிழமை குளிக்க இறங்கிய முருகேசன், டிராக்டர் ஓட்டுகிறவர், எழும்பவில்லை. தீயணைப்பு ஆட்கள் பாதாளக்கரண்டி போட்டுத் துழாவிவிட்டார்கள். இதற்குள் மிதந்திருக்க வேண்டும். மிதக்கவில்லை. அடியில் எங்கோ மாட்டியிருக்கிறது. முருகேசனின் அக்கா பேச்சியம்மாள் கல் மேட்டில் உட்கார்ந்திருந்தார். அழவில்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இறங்கினோம். மேலே பச்சை, கீழே கருப்பு. நடுவில் ஓர் இடத்தில் சட்டென்று குளிர். டார்ச் வெளிச்சம் கை நீளத்துக்கு மேல் போகவில்லை. பாண்டி என் வலப்பக்கம்.

சுவர் ஓரமாகப் போகும்போது வலது கையை யாரோ இரண்டு முறை அமுக்கினார்கள். எங்கள் வழக்கம் அது. காற்று தீர்ந்தது என்று அர்த்தம். காற்றுக் குழாயின் உதிரி வாயை எடுத்து நீட்டினேன். ஒவ்வொருவரும் கூட்டாளிக்கென்று சுமக்கும் மஞ்சள் நிற இரண்டாவது வாய். பாண்டி அதை விருந்தாளி வாய் என்பான். வாங்கிக்கொண்டது. குழாய் விறைத்தது. காதருகே இன்னொரு மூச்சு, நிதானமாக. ஆளின் கையைப் பிடித்துக்கொண்டு ஏறத் தொடங்கினேன். பாதியில் கை நழுவியது. குழாய் தளர்ந்தது. தனியாக ஏறிவிட்டான் என்று நினைத்தேன்.

மேலே வந்தால் பாண்டி பாறையில் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டிருக்கிறான். உடம்பு காய்ந்தே போயிருந்தது.

"எப்ப ஏறுன?"

"எறங்குன ஒடனேயே, மாப்ள. காது தெறிச்சிருச்சு. ஒனக்குச் சைகை காட்டுனேனே, நீ பாக்கலயா?"

கேஜைப் பார்த்தேன். இரண்டு பேர் குடித்த அளவு போயிருந்தது.

வீட்டில் ஸ்டெல்லாவிடம் எதுவும் சொல்லவில்லை. ரசம் நன்றாக இருந்தது.

ஆகஸ்ட் 20, புதன்

புழுக்கம். பதினொன்றாம் வகுப்பில் பாஸ்கல் விதி நடத்தினேன். பாதியில் நிறுத்திவிட்டேன், ஏனென்று பிள்ளைகள் கேட்கவில்லை.

இயற்பியல் வாத்தியார் தனக்கே சொல்லிக்கொள்ளும் விளக்கம்: உதிரி வாய் மேல்நோக்கித் திரும்பினால் காற்று தானாகக் கொட்டும். எல்லோருக்கும் நடப்பது. கையை அமுக்கியது பாறை இடுக்கோ பழைய கம்பியோ. முடிந்தது.

ஆனால் கொட்டுகிற காற்று நிற்காமல் கொட்டும். அது விட்டு விட்டு வந்தது. இழுத்து, நிறுத்தி, விட்டு.

பாண்டியின் செவிப்பறையில் ஓட்டை. டாக்டர் தண்ணீர்ப் பக்கமே போகக்கூடாது என்று சொல்லிவிட்டார். வேறு ஆள்? தூத்துக்குடிப் பையன்கள் எல்லாம் அந்தமான் வேலைக்குப் போய்விட்டார்கள். பேச்சியம்மாளிடம் முடியாது என்று சொல்ல போனை எடுத்தேன், வைத்தேன். தம்பியை அப்படியே விட்டுவிடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தனியாக இறங்க வேண்டியதுதான். தனியாக என்றால் மாற்றுக் காற்று சரியாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அங்கே இரண்டு பிணம்.

என்னென்ன உண்டு:

- விருந்தாளி வாய் (இனி வி. வாய்). இப்போது இருப்பது. அதே சிலிண்டரிலிருந்து வருகிறது. சிலிண்டர் தீர்ந்தால் இரண்டு வாயும் ஊமை. தனி ஆளுக்குப் பிரயோசனமே இல்லை.
- கையடக்கக் குப்பி. சில மூச்சுதான். கிணற்றுக்குச் சரி.
- முதுகில் இரட்டைச் சிலிண்டர். என் இடுப்பு ஒத்துக்கொள்ளாது.
- கரையிலிருந்து குழாய். பாண்டியின் யோசனை. பெயிண்ட் அடிக்கிற கம்ப்ரசரில் போடலாமாம். எண்ணெய்ப் புகையைக் குடித்துச் சாக வேண்டியதுதான்.
- தனிச் சின்ன சிலிண்டர் (சி. சிலிண்டர்). தனி வால்வு, தனி வாய். பெரியது தீர்ந்தாலும் இதற்குத் தெரியாது.

கடைசிதான். தூத்துக்குடிக் கடைக்காரரைக் கூப்பிட்டேன். "சும்மா கொண்டு போயி ஓட்டிப் பாருங்க சார், பிடிச்சா வச்சுக்கோங்க. பஸ்ல போட்டு விடுதேன்" என்றார். நல்ல மனுஷன்.

குளிக்கும்போது ஞாபகம் வந்தது. நேற்று ஏறும்போது நான் பிடித்திருந்த கை. பாண்டி போட்டிருந்தது ரப்பர் உடை. என் விரலில் பட்டது துணி. நனைந்து ஊறிய சட்டைக் கை, பட்டன் இல்லாமல் அலைந்தது.

ஆகஸ்ட் 21, வியாழன்

மதியம் ஒரு தூறல், மண் நனையவில்லை. சமையல் கேஸ் பதிவு செய்ய வேண்டும். வினாத்தாள் நாளைக்குள்.

சி. சிலிண்டர் வந்தது. வெள்ளை நிறம், கைக்குழந்தை அளவு. கோச்சடையில் பாண்டியின் மச்சான் வீட்டுத் தொட்டியில் முங்கிப் பார்த்தேன். சுலபமாக இழுக்கிறது. வால்வை மூடியும் பார்த்தேன்: குழாயில் தேங்கியது இரண்டு மூச்சு வருகிறது, அப்புறம் சுவர் மாதிரி நின்றுவிடுகிறது. ஆக, இறங்குமுன் வால்வு திறந்திருக்கிறதா பார்ப்பது முக்கியம். தொங்கவிடும் இடம்: இடது நெஞ்சு.

வி. வாயைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டேன். தனியாகப் போகிறவனுக்கு அது வீண் சுமை, கம்பியில் மாட்டும். பாண்டியிடம் இந்தக் காரணத்தைத்தான் சொன்னேன். உண்மையான காரணம் பயம். நீட்டுவதற்கு ஒன்று இருந்தால் வாங்குவதற்கு வந்துவிடும் என்ற பயம். இருபது வருடம் அறிவியல் நடத்தியவன் எழுதுகிற வாக்கியம்!

பேச்சியம்மாள் போன் செய்தார். "சனிப் பொணம் தனியாப் போகாதுன்னு சொல்லுவாக தம்பி. கூட அனுப்புறதுக்குக் கோழி வாங்கி வச்சிருக்கோம். நீங்க பாத்து எறங்குங்க. தொணைக்கு நீங்க போயிறாதீக."

எங்கள் வீட்டில் இதெல்லாம் கிடையாது என்று சொல்ல வந்தேன். "சரிக்கா" என்றேன்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஸ்டெல்லா தட்டு வைத்தாள். பிறகு, "செத்தவருக்காக உயிரோட இருக்கறவரு போகணுமா? எனக்குப் புரியல, அவ்வளவுதான்" என்றாள். எனக்கும் புரியவில்லை. பைக்குள் ஜெப மாலையை வைத்திருக்கிறாள், எனக்குத் தெரியாது என்று நினைத்து.

ஆகஸ்ட் 22, வெள்ளி

எடுத்துவிட்டோம். எழுத்து கோணல்.

வானம் மூட்டம். கரையில் நாற்பது ஐம்பது பேர். பாண்டி கயிற்றுடன் கரையில். சி. சிலிண்டர் வால்வைத் திறந்தேன், கேஜ் பார்த்தேன், நிறைய. இறங்கப் போகும்போது பேச்சியம்மாள் மஞ்சள் கயிற்றுடன் வந்தார், கையில் கட்ட. கையில் ரப்பர் உறை. "அப்ப இதுல கெட்டுறேன் தம்பி" என்று சி. சிலிண்டரின் தலையில் சுற்றிச் சுற்றிக் கட்டி இறுக்கினார். எனக்கு என்னவோ போல இருந்தது, வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. ஸ்டெல்லாவின் மாலை, இந்தக் கயிறு. எல்லாப் பக்கமும் பாதுகாப்பு என்று பாண்டி கிண்டலடித்தான்.

கீழே அதே குளிர். சுவர் ஓரம் ஒன்றும் இல்லை. குவாரி நடுவில், அடித்தரையில், பழைய கிரேன் கம்பிவடம் சுருள் சுருளாகக் கிடந்தது. அதற்குள் அவர். வேட்டி கம்பியில் முறுக்கிக்கொண்டிருந்தது. முழுக்கைச் சட்டை. கைப் பட்டன் போடவில்லை.

செவ்வாய்க்கிழமை நான் போன இடத்துக்கும் இந்த இடத்துக்கும் நல்ல தூரம். கம்பி இறுக்கியிருந்த விதத்தில் அவர் ஓர் அங்குலம் நகர்ந்திருக்க முடியாது. இதைத் தனியாக எழுதி வைக்கிறேன்.

கத்தியால் வேட்டியை அறுத்தேன். சேறு கிளம்பி டார்ச்சை மூடிவிட்டது. அவர் இடுப்பில் கயிறு கட்டுவதற்குள் பெரிய சிலிண்டரில் மூச்சு இறுக ஆரம்பித்தது. கேஜைப் பார்க்க மறந்திருக்கிறேன். மடத்தனம். அடுத்த மூச்சு வரவில்லை. வாயிலிருந்து எடுத்துவிட்டேன். இடது நெஞ்சுக்குக் கையைக் கொண்டு போகுமுன் குழாய் வாய் உதட்டுக்கு வந்துவிட்டது. கடித்தேன், காற்று வந்தது. குளிர்ந்த, தாராளமான காற்று. கயிற்றை இழுத்துச் சைகை கொடுத்தேன். அவரைக் கட்டிப் பிடித்தபடி மெதுவாக ஏறினேன். நடுவில் நின்று அழுத்தம் குறைவதற்குக்கூடக் காத்திருந்தேன். காற்றுக்குப் பஞ்சமே இல்லை.

மேலே வந்ததும் எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டு வாந்தி எடுத்தேன். பேச்சியம்மாள் அப்போதுதான் அழுதார். கோழியைப் பாடையில் கட்டுவது பற்றிப் பின்னால் ஆண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

சி. சிலிண்டரை வாங்கிவிட வேண்டும். உயிரைக் காப்பாற்றிய சாமான்.

ஆகஸ்ட் 23, சனி

நல்ல மழை. மொட்டை மாடியில் காயப்போட்ட ரப்பர் உடை மறுபடி நனைந்தது. வினாத்தாள் தாமதம், திட்டு வாங்கினேன்.

மதியம் பாண்டி கூப்பிட்டான். காற்று நிரப்புவதற்காகச் சாமான்களை அவன்தான் வேனில் எடுத்துப் போயிருந்தான்.

"மாப்ள, பெருசு காலி. சின்னது நெறஞ்சே இருக்கு."

"கேஜ் கெட்டுப் போயிருக்கும்."

"வேற கேஜ் போட்டும் பாத்துட்டேன். வால்வு மூடிக் கெடக்கு மாப்ள. அந்தக்கா கயித்தச் சுத்துச்சுல்ல, குமிழும் சேந்து திருகிருச்சு. முடிச்சு அப்படியே இருக்கு. இத அவுக்காமத் தொறக்க முடியாது." பிறகு கேட்டான்: "நீ எதக் குடிச்சு ஏறுன?"

போனை வைத்துவிட்டுக் கணக்குப் போட்டேன். குழாயில் தேங்கியது: இரண்டு மூச்சு. பெரிய சிலிண்டர் மேலே ஏற ஏற அழுத்தம் குறைந்து இன்னும் சில மூச்சு தரும். அதை நான் வாயிலிருந்து எடுத்துவிட்டேன். அதையே மறுபடி கடித்தேன் என்று வைத்துக்கொண்டாலும் அவ்வளவு நேரத்துக்குப் போதாது. மூன்று விதமாகப் போட்டேன். வரவில்லை.

அந்த வாய் வலப்பக்கத்திலிருந்து வந்தது. சி. சிலிண்டரின் வாய் இடப்பக்கம். நான் தேடி எடுக்கவில்லை. கொடுத்தார்கள்.

பயமாக இருக்கிறது. நேற்றுக் கீழே இருந்தபோது இந்தப் பயம் இல்லை, அதுதான் இன்னும் பயம்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

சர்ச்சில் பிரசங்கம் எதைப் பற்றி என்று ஸ்டெல்லா கேட்டாள், சொல்லத் தெரியவில்லை. கேஸ் இன்னும் வரவில்லை. கறி எடுத்தோம்.

மூன்று மணிக்குப் பேச்சியம்மாள் வீட்டுக்கே வந்துவிட்டார், பையில் கொய்யாப் பழத்துடன். நாற்காலி போட்டும் தரையில்தான் உட்கார்ந்தார். தம்பியைப் பற்றிக் கொஞ்சம் சொன்னார். யார் சாப்பாட்டு நேரத்தில் வந்தாலும் தன் தட்டை நகர்த்தி வைக்கிற ஆளாம். அதற்காகப் பெண்டாட்டியிடம் திட்டு வாங்குவானாம்.

கிளம்பும்போது வாசலில் நின்று, "நாங் கெட்டுன கயிறு கூட நின்னுச்சா தம்பி?" என்று கேட்டார்.

அந்தக் கயிறு என் காற்றை அடைத்த கயிறு. அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல எந்த மனிதனால் முடியும்.

"நின்னுச்சுக்கா" என்றேன்.

சாயங்காலம் பாண்டி: திருமங்கலம் பக்கம் ஒரு கிணறு, ஆள் விழுந்து இரண்டு நாள், அவசரமில்லை, யோசித்துச் சொல் என்றான். அவன் காது ஆற இன்னும் நாளாகும். தனியாகத்தான். யோசிக்க ஒன்றும் இல்லை, போகிறேன் என்றேன். சி. சிலிண்டர் எனக்கு. வால்வை நானே திறப்பேன், யாரையும் தொட விட மாட்டேன்.

அலமாரியைத் திறந்து வி. வாயை எடுத்து, ரப்பரைத் துடைத்து, பெரிய சிலிண்டரின் குழாயில் திருகிக்கொண்டிருந்தேன். ஸ்டெல்லா கதவருகே நின்று பார்த்தாள்.

"பாண்டிண்ணன்தான் வரலையே. இது யாருக்கு?"

கை தானாக இறுக்கிக்கொண்டிருந்தது. கசிகிறதா என்று சோப்பு நுரை தடவிப் பார்த்தேன். கசியவில்லை.