சாவி அண்ணன் கையில்

அன்பு மகளுக்கு, சித்தப்பா எழுதிக்கொள்வது. நீ அங்கே சௌக்கியமாகத்தான் இருப்பாய், அது எனக்கு முன்கூட்டியே தெரியும் என்பதால் கேட்கவில்லை. இங்கே நடந்ததும் எனக்கு முன்கூட்டியே தெரியும். போன தடவை நீ லீவு முடிந்து கிளம்பும்போது, உங்கப்பாவோட இந்தக் கார் ஒரு நாள் நம்ம எல்லாரையும் அழவைக்கும் பாருன்னு வாசலில் வைத்துச் சொன்னேனா இல்லையா, நீகூடச் சிரித்தாய். நான் அப்படிச் சொல்லவே இல்லை என்கிறாள் உன் சித்தி. அவள் எதைத்தான் கேட்டிருக்கிறாள். எட்டாம் வகுப்போடு நின்றவன்தான் நான், ஆனாலும் எட்டுத் தெருவுக்கு யோசனை சொல்கிறவன், என் வாக்கு தப்பாது.

போனில் சொல்லலாம் என்றால் அண்ணன் பக்கத்திலேயே நிற்கிறார், அதனால்தான் கடிதம். அவருக்கு மறதி முற்றிவிட்டது கண்ணு. போன வாரம் என்னைப் பார்த்து, நீங்க எந்த வீடு தம்பி, எங்கேயோ பாத்த மாதிரி இருக்குன்னு மரியாதையாகக் கேட்டார். கூடப் பிறந்தவனை மறந்தவர் காரை மட்டும் மறக்கவில்லை. முழித்துப் பார்க்கிற விளக்குகளைப் பார்த்துச் சின்னதில் நீதானே அதற்குத் தவளை என்று பேர் வைத்தாய், அந்தத் தவளையின் ஒவ்வொரு ஆணியும் அவருக்கு மனப்பாடம். ஓட்டவிடக் கூடாதென்று பேட்டரி வயரைக் கழற்றிவிட்டேன், வந்து மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அடுத்த தடவை இன்ஜினிலிருந்து ரோட்டரையே உருவி எடுத்தேன், கட்டைவிரல் அளவுதான் இருக்கும், அது இல்லாவிட்டால் வண்டி பிணம். பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு நேராக என்னிடம் வந்து கையை நீட்டினார். பரீட்சையில் காப்பியடித்து மாட்டியவன் மாதிரி நானும் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை நான் சொன்னபடியே நடந்துவிட்டது. சாயங்காலம் நான் அசந்த நேரத்தில் வண்டியை எடுத்துக்கொண்டு போய், நீ படித்த பள்ளிக்கூடத்து வாசலில் நடைபாதைமேல் ஏற்றிவிட்டார். வரிசையாக நிறுத்தியிருந்த சைக்கிளெல்லாம் சரிந்து நொறுங்கின. ஐம்பது பேர் கூடிவிட்டார்கள், நூறு என்றே வைத்துக்கொள். பெரியவரே மொதல்ல எறங்குங்கன்னு வாட்ச்மேன் கத்த, ஹாரன் அடிச்சேனே, காது கேக்கலையா உனக்குன்னு அண்ணன் அவனைத் திட்டுகிறார். நான் போய் நாலு வார்த்தை பேசியதும் கூட்டம் கலைந்தது. சரி, உன் சித்தி எல்லாரையும் கும்பிட்டு அழுததில்தான் கலைந்தது. ஆனால் ஒன்று, நாங்கள் அவரைக் கீழே இறக்கி முடிக்கவும் மணி அடித்தது. பிள்ளைகள் குபுகுபுவென்று அந்த நடைபாதை வழியாகத்தான் ஓடி வந்தார்கள். இதில் நான் ஒரு சொல்லும் கூட்டவில்லை. ஏன் அந்தப் பக்கம் போனார் என்று கேட்காதே, காற்று வாங்கப் போயிருப்பார்.

அன்றிலிருந்து கடையைத் திறக்கவில்லை. ஊருக்கெல்லாம் பூட்டு விற்கிறவனுக்குச் சொந்த வீட்டுக் கேட்டைப் பூட்ட வழியில்லை. பூட்டினால் கம்பியைப் பிடித்து உலுக்குகிறார், உள்ளங்கை கன்றிப்போய்விட்டது. அதனால் பின் சக்கரத்தை ஒட்டி நாற்காலியைப் போட்டு நான் உட்கார்ந்துகொள்கிறேன். என்மேல் ஏற்றிவிட்டுத்தான் போக வேண்டும். போய்விடுவார் என்றுதான் பயமாக இருக்கிறது. பழைய கார்களாகப் பார்த்து வாங்கி வைத்திருக்கும் பல் டாக்டர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை வந்தார். இந்த மாதிரி வண்டி இன்னொன்னு கண்ணுல பட்டா நான் மீசைய எடுத்துடறேன்னு சொன்னேன், மனிதர் மயங்கிவிட்டார். அண்ணன் தாமாகவே எழுந்து வந்து, பத்திரமா வச்சுக்கங்க டாக்டர்னு சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டார். வண்டி உன் பேரில் இருப்பதால் உன் கையெழுத்துதான் பாக்கி. அப்பாவே சம்மதித்த பிறகு நீ யோசிக்க வேண்டியதில்லை, போட்டு அனுப்பிவிடு. அங்கே குளிர் என்றாயே, தலையை ஈரத்தோடு விட்டுக்கொண்டு வேலைக்கு ஓடாதே, வேளைக்குச் சாப்பிடு.

இதோடு முடித்துவிடலாம் என்றுதான் பார்த்தேன், பேனா ஓடமாட்டேன் என்கிறது. எழுதியதைக் கிழிக்கவும் மனமில்லை, மற்றதெல்லாம் நன்றாக வந்திருக்கிறது. அண்ணன் சாவி கொடுத்தார் என்றேனே, அது மட்டும் நானாகச் சேர்த்தது. அவர் கொடுக்கவில்லை அம்மா. டாக்டர் கதவைத் தொட்டதும் உள்ளே ஏறி உட்கார்ந்து சாவியை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். வண்டிய நீங்க கொண்டுபோயிட்டா பாப்பாவ யாரு கூட்டிட்டு வருவா, ஸ்கூல் விட்டா வாசல்லயே நின்னு அழுவாளேன்னு கேட்டார். டாக்டர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். இன்னமும் கேட்டால் வாங்குவார். விற்கலாமா கூடாதா என்று எனக்குப் புரியவில்லை. விற்றாலும் அந்த நேரமானால் உன்னைத் தேடி அவர் நடந்தாவது தெருவில் இறங்குவார். விற்காவிட்டால் யார் வீட்டுப் பிள்ளையாவது போகும். பாப்பா வந்தாச்சு அண்ணே, உள்ள தூங்குறான்னு நானும் சொல்லிப் பார்த்துவிட்டேன், அறை அறையாகப் போய்த் தேடிவிட்டு மறுபடி வண்டிக்குத்தான் வருகிறார். எந்தப் பொய்யையும் எடுத்த எடுப்பில் சொல்கிற எனக்கு உன் குரலில் சொல்ல வரவில்லை. நான் வந்துட்டேம்ப்பான்னு நீ சொன்னால் அவர் காது நம்பும். ஒரு நாள் சொன்னால் போதாது, மறுநாள் மறந்துவிடுவார்.

சித்தியும் நானும் வாழ்த்துகிறோம், எந்தக் குறையும் இல்லாமல் நூறு வருஷம் இரு. கையெழுத்தை மெதுவாகப் போடலாம், போடாமலும் விடலாம். போனை மட்டும் மறந்துவிடாதே, அங்கே அப்போது எந்த நேரமாக இருந்தாலும் சரி, இங்கே பள்ளிக்கூடம் விடுவதற்கு முன்னால்.

இப்படிக்கு,
உன் சித்தப்பா