நீல விளிம்புக் கோப்பை

வெள்ளவத்தை,
3-11-1937.

சேசு மரி சூசை துணை.

அன்புள்ள தம்பி கிளெமென்றுக்கு,

நேற்று மரித்தோர் திருநாள். மாதம்பிட்டிச் சவக்காலையில் அப்பாவின் குழியடியில் நான் தனியாக நின்று மெழுகுதிரி கொளுத்தினேன். அவர் போய் ஐந்து மாதத்துக்குள் பெற்ற பிள்ளைக்கு மறந்துவிட்டது. கால் நோவு என்று உன் சிநேகிதன் றேமண்டிடம் சொல்லியனுப்பினாயாம். நொண்டிக் குதிரைக்குச் சறுக்கியது சாட்டு!

அத்தான் சுகம். பிள்ளைகள் உன்னைக் கேட்கிறார்கள். அவர்களை வேண்டுமானால் அனுப்புகிறேன். நான் அந்த வீட்டு வாசல் ஏறமாட்டேன். ஏன் என்று உனக்கே தெரியும்.

உன் அக்கா

கொட்டாஞ்சேனை,
6-11-1937.

அன்புள்ள அக்காவுக்கு,

சாட்டு இல்லை அக்கா. அப்பாவின் வீட்டோடு அவருடைய கவுட் வாதமும் எனக்கு வந்து சேர்ந்துவிட்டது. வலது காற் பெருவிரல் ஜம்புப் பழம் போலச் சிவந்து வீங்கியிருக்கிறது. போர்வை பட்டாலே உயிர் போகிறது. காலுக்கு மேலே ஒரு பலகைப் பெட்டியைக் கவிழ்த்து, அதன்மேல்தான் போர்வையைப் போட்டிருக்கிறேன். மாடி ஏற முடியாததால் கீழே அப்பாவின் அறையில், அவருடைய கட்டிலிலேயே கிடக்கிறேன். ஈரல், இறால், பியர் மூன்றையும் டாக்டர் நிறுத்திவிட்டார். அவர் தந்த கொல்சிக்கம் மருந்து வயிற்றைக் கலக்குகிறது. தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டுமாம்.

சமைக்க வரும் அருந்ததி மத்தியானத்தோடு போய்விடுவாள். அதனால் நீங்கள் அனுப்பிய ஆளுக்கு நன்றி. ஆனால் அவர் பெரிய விசித்திரம். மூன்று மணிக்கு நான் "தண்ணி" என்று கூப்பிட்டால் வருகிறார், தலைமாட்டு முக்காலியில் கோப்பையை வைக்கிறார், போய்விடுகிறார். கோப்பையில் ஒரு சொட்டும் இல்லை! அவரைக் கொஞ்சம் கண்டியுங்கள்.

தம்பி,
கிளெமென்ற்

வெள்ளவத்தை,
8-11-1937.

அன்புள்ள தம்பிக்கு,

நோவு உண்மைதான் என்று தெரிந்ததும் மனம் பொறுக்கவில்லை. கோபத்தில் எழுதியதை மறந்துவிடு. டாக்டர் சொன்னபடி நட, நண்டு ரசத்துக்கும் ஆசைப்படாதே.

ஆனால் நான் ஆள் யாரையும் அனுப்பவில்லை. யார் என்று பார்த்தாயா? அது என்ன கோப்பை? போகும்போது வெளிக்கதவைப் பூட்டச் சொல்லி அருந்ததியிடம் சொல்.

அக்கா

கொட்டாஞ்சேனை,
10-11-1937.

அக்காவுக்கு,

அருந்ததி பூட்டித் திறப்பையும் கொண்டு போகிறாள். அப்படியும் வருகிறார். முகம் பார்க்க முடியவில்லை. கதவு தலைமாட்டுப் பக்கம் இருக்கிறது, திரும்பினால் கால் அசையும். நடை மட்டும் கேட்கிறது. ஒரு கால் ஊன்றுகிறது, மற்றக் கால் இழுபடுகிறது.

கோப்பையையா கேட்கிறீர்கள்? நீல விளிம்பு வைத்த எனாமல் கோப்பை. எங்களைக் கூப்பிட அப்பா மோதிரத்தால் தட்டித் தட்டிப் பூச்சுப் பெயர்ந்த இடம் பிடிக்குப் பக்கத்தில் அப்படியே இருக்கிறது. அப்பாவின் கோப்பையையே கொடுத்தனுப்பி என்னைக் குத்திக் காட்டுகிறீர்கள். போதும் அக்கா, நிறுத்துங்கள்.

கிளெமென்ற்

வெள்ளவத்தை,
12-11-1937.

தம்பி,

அந்தக் கோப்பை என்னிடம் இல்லை. பிரேதப் பெட்டியை மூட முன்னர் அதை அப்பாவின் கைக்குக் கீழே நானே ஒளித்து வைத்தேன். நீ அப்போது வாசலில் பிரேத வண்டிக்காரனோடு கதைத்துக்கொண்டு நின்றாய். செபம் சொல்ல வந்த சுவாமிக்கும் தெரியாது.

நித்திரையில் போய்விட்டார் என்று நீ சொன்னாய். நான் வந்தபோது அவருடைய உதடு வெடித்திருந்தது. கோப்பை கட்டிலுக்குக் கீழே காய்ந்து கிடந்தது. அதைப் பார்த்த பிறகு எனக்கு அந்த வாசலை மிதிக்க மனம் வரவில்லை.

அவர் உனக்குத் தண்ணீர் கொண்டு வரவில்லையடா. உன்னிடம் கேட்கிறார். அன்று நடந்ததை இனியாவது எனக்கு எழுது.

அக்கா

கொட்டாஞ்சேனை,
13-11-1937.

அன்புள்ள அக்காவுக்கு,

நித்திரையில் இல்லை. அன்றும் மூன்று மணி. நானும் றேமண்டும் முன்னறையில் கரம் பலகை விளையாடிக்கொண்டிருந்தோம். "தம்பி, தண்ணி கொஞ்சம் தாடா" என்றார். நோவு வந்தால் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும் என்பதற்காகச் சும்மா கூப்பிடுகிறவர்தானே என்று நினைத்தேன். கோப்பையைத் தட்டினார். நான் வெல்லப்போகிற நேரம். எழும்பிப் போய் அவருடைய அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தேன். தட்டுகிற சத்தம் நின்றபோது எனக்கு நிம்மதியாக இருந்தது அக்கா.

உங்கள் கடிதம் இன்று காலை கிடைத்தது. மூன்று மணிக்கு நான் கூப்பிடவில்லை. ஆனாலும் கோப்பை வந்தது. கட்டிலைப் பிடித்து, சுவரைப் பிடித்து, குசினித் தண்ணீர்ப் பானை வரைக்கும் போனேன். விரல் தரையில் பட்ட ஒவ்வொரு தரமும் அலறினேன். கோப்பையை நிறைத்துக் கொண்டுவந்து அறை வாசலில் வைத்தேன். கதவைச் சாத்தவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

குடிக்கிற சத்தம் கேட்டது. நெடுநேரம் குடித்தார். பிறகு பார்த்தபோது கோப்பை இல்லை, தரையில் ஈரம் மட்டும் இருந்தது.

இனி வருவதும் வராததும் உங்கள் மனம். மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு வாயில்லை. கட்டிலிலிருந்து பானைக்குப் பத்தொன்பது அடிதான் எடுத்து வைத்தேன், எண்ணிக்கொண்டு போனேன். அன்றைக்கு எனக்குக் காலில் ஒரு நோவும் இருக்கவில்லை.

உங்கள் தம்பி,
கிளெமென்ற்