வட்டத் தூண்டிலும் அஞ்சனாவும்

நவம்பர் 10, திங்கள்
காலையிலிருந்து தூறல். தம்பானூரில் பஸ் மாறுவதற்குள் புடவை ஓரம் நனைந்துவிட்டது. ஆபீசில் அஞ்சனா எனக்கு முன்னாலேயே ஆஜர். சேர்ந்து நாலு மாசம்கூட ஆகவில்லை, சார் அவளை "நம்ம அஞ்சனா" என்கிறார். நான் ஆறு வருஷமாக "மீனாட்சி மேடம்".
சூரை மீன் திட்டத்துக்குக் கோஆர்டினேட்டர் யார் என்று வெள்ளிக்கிழமை மீட்டிங்கில் சொல்வாராம். நியாயமாக எனக்குத்தான்.
வாங்க: உளுந்து, ஊதுபத்தி, புதுக் குடை.

நவ. 11, செவ்வாய்
விழிஞ்ஞம் மீன்பிடித் துறை. சுள்ளென்று வெயில். கூடவே அஞ்சனா; இனி வெறும் அ. படகுக்காரர்கள் கையசைத்ததெல்லாம் அவளுக்கு. அவர்களில் மூத்தவரான ஸ்டீபன் வீட்டில் அவளுக்கு மரச்சீனிக் கிழங்கும் சூரைக் கறியும். எனக்குப் பால் விடாத கட்டன் சாயா. கரமனை அக்ரஹாரத்துப் பெண் மீன் தொடமாட்டாள் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் ஒரு பேச்சுக்குக்கூட யாரும் கேட்கவில்லை. அவள் விரலை நக்கி நக்கிச் சாப்பிட்டாள். நான் சாயாவை ஊதி ஊதிக் குடித்தேன்.
ஆமை மாட்டாமலிருக்க நாங்கள் கொடுத்த வட்டத் தூண்டிலில் சூரை சிக்கவில்லையாம். ஸ்டீபன் முகத்தில் சிரிப்பே இல்லை. "பழைய தூண்டில்ல ஆமை மாட்டும், செரி. அதுக்கு எங்க பிள்ளையள் பட்டினி கெடக்கணுமா மேடம்? வெள்ளிக்கிழமை வரை பாப்பேன். பின்னே பழசுதான்." அவர் போனால் மற்றப் படகுகளும் போகும். திட்டம் அதோடு சரி.

நவ. 12, புதன்
மழை. அ. படகில் எடுத்த வீடியோவைப் பார்த்தேன். மீன் கடித்ததும் ஸ்டீபன் நூலை வெடுக்கென்று சுண்டுகிறார். அங்கேதான் தப்பு. பழைய தூண்டிலுக்கு அது சரி. வட்டத் தூண்டிலின் முனை உள்பக்கம் வளைந்தது. சுண்டினால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். சும்மா விட்டால் மீன் திரும்பும்போது தானே வாயோரத்தில் மாட்டும். படகுக்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்தது அவள்தான். இதைச் சொல்லவேயில்லை போல.
சாரிடம் இப்போதே சொல்லலாம். மாட்டேன். வெள்ளிக்கிழமை, எல்லார் முன்னாலும்.
வீட்டில் இவரிடம் சொன்னேன். "ஒனக்கு அவமேல அசூயை. ஒத்துண்டுடேன்" என்றார். ரசத்தில் உப்பில்லை என்றும் சொன்னார்.

நவ. 13, வியாழன்
அ. ஆபீசுக்கு வரவில்லை. எங்கே என்று சார் கேட்கக்கூட இல்லை. நான் பல் பிடுங்கப் போனதற்கு லெட்டர் கேட்டவர்.
ஸ்டீபன் இன்றும் வெறும் படகோடுதான் வந்திருப்பார். ஒரு போன் போதும். எடுத்தேன், வைத்துவிட்டேன். ஒரு நாள்தானே.
நாளைக்கு நீலப் புடவை.

நவ. 14, வெள்ளி
மீட்டிங். ஸ்டீபனும் மற்றப் படகுக்காரர்களும் வந்திருந்தார்கள். வீடியோவில் பார்த்ததை எழுந்து சொன்னேன். சுண்டக்கூடாது, இதை யாருமே இவர்களுக்குச் சொல்லித்தரவில்லை என்று. "யாருமே" என்பதில் ஒரு அழுத்தம். சார் பேனாவை எடுத்தார். கொஞ்ச நேரம் நான்தான் ராணி.
ஸ்டீபன் கனைத்தார். "அது அஞ்சனா மோள் மொதல் நாளே சொன்னதல்லோ மேடம். கை கேக்கல்ல. சின்ன வயசு முதல் சுண்டின கையி. நேத்து மோள் எங்ககூட வள்ளத்தில வந்து, நூலக் கையில பிடிக்க விடல்ல. விளிம்புல கெட்டி வெச்சிட்டு, 'அண்ணன் சும்மா இரி'ன்னா. பாவம், போற வழியெல்லாம் வாந்தி. ஆனா நல்ல பெரிய சூரையா கிட்டிச்சு. ஆமை ஒண்ணும் இல்ல. இனி எங்களுக்கு வட்டம் மதி, பழசு வேண்டாம்."
உட்கார்ந்துவிட்டேன். காது சுட்டது.
அ. எழுந்தாள். "மீனாட்சி சேச்சி வீடியோ பாத்து தனியே கண்டுபிடிச்சதல்லவா? ரிப்போர்ட்டில சேச்சி பேரு முதல்ல வரணும் சார்." கிண்டலா என்று அவள் முகத்தை உற்றுப் பார்த்தேன். இல்லை.
கோஆர்டினேட்டர் அவள்தான். எல்லாரும் கைதட்டினார்கள். நானும்.
இவர் என்ன ஆச்சு என்றார். தலைவலி என்றேன்.
கெட்டிக்காரியாக இருந்துவிட்டுப் போகட்டும். நல்லவளாகவும் இருக்கணுமா?